ஆயிரம் மசலா அரங்கேறிய ஊர்

ஆர்.எஸ்.புரத்தில் வாழும் நண்பர் ஒருவர் தம் மகளுடன் நம் இல்லத்திற்கு வந்தார். இளங்கலைத் தமிழ் முடித்த அப்பெண், மதுரைக்குச் சென்று முதுகலை பயின்று இஸ்லாமியத் தமிழ் இலக்கியத்தில் ஆய்வேடு எழுத விரும்பினாள். "பழைய பாட்டைப் படித்து என்ன ஆகப்போகிறது, ஹஜ்ரத்? பி.எட். படித்தாலாவது ஒரு வேலை கிடைக்கும். நீங்கள் சொன்னால் கேட்பாள்" என்றார் தந்தை. அவர் விரும்பியவாறு நாம் சொல்லவில்லை. அன்று சொன்னதையே ஈண்டு எழுதுகிறோம்.

மதுரையைச் சங்கத்தாலும் கோயிலாலும் அறிந்தோர் பலர். நம் இலக்கியத்திற்கும் அவ்வூருக்கும் உள்ள உறவை அறிந்தோர் சிலரே. பல்சந்தமாலை என்னும் பழைய நூலில், உரையாசிரியர் ஒருவர் மேற்கோளாக எடுத்தாண்டமையால் சில செய்யுட்கள் மட்டுமே பிழைத்தன. முழுமையாகக் கிடைத்துள்ளவற்றுள் காலத்தால் முந்தியது, வண்ணப் பரிமளப் புலவர் இயற்றிய ஆயிரம் மசலா. அப்துல்லாஹ் இப்னு ஸலாம் (ரலி) வினவ, நபிகள் நாயகம் (ஸல்) விடையளிப்பதாக அமைந்த அந்நூல் 1572ஆம் ஆண்டு மதுரையிலேதான் அரங்கேறிற்று.

அரங்கேறி 407 ஆண்டுகள் கழித்து, 1979இல், மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் இஸ்லாமியத் தமிழ் இலக்கியப் பேராசிரியராக இலங்கை பாணந்துறையைச் சேர்ந்த மர்ஹூம் ம.மு. உவைஸ் அமர்ந்தார். தமிழுக்கு முஸ்லிம்கள் ஆற்றிய பணியைப் பற்றி அவர் எம்.ஏ. பட்டத்திற்காக எழுதிய ஆய்வு, 1953இல் ஆங்கில நூலாக வெளிவந்திருந்தது. பின்னர் மதுரையில் அவரும் பீ.மு. அஜ்மல்கானும் எழுதத் தொடங்கிய இஸ்லாமியத் தமிழ் இலக்கிய வரலாறு ஆறு தொகுதிகளாக விரிந்தது. ஒரு மாணவரின் பட்ட ஆய்வு எங்குச் சென்று முடிந்தது என்பதை நண்பருக்கு எடுத்துரைத்தோம். அவர் முகம் அப்போதும் தெளியவில்லை.

அப்போதுதான் அப்பெண் தன் கைப்பையிலிருந்து ஒரு பழைய ஏட்டை எடுத்தாள். அவளுடைய நன்னிமா வைத்திருந்ததாம். இரத்தினசபாபதி முதலியாரின் பெயர் தாங்கிய ஆர்.எஸ்.புரமோ இருபதாம் நூற்றாண்டில் எழுந்த குடியிருப்பு; பழஞ்சுவடி தேடுவோர் அப்பக்கம் செல்லார். "ஓதித் தேய்ந்த வேதத் தாள் என்று எண்ணி ஆற்றில் விட இருந்தோம்" என்றார் நண்பர்.

நாம் வாங்கிப் பார்த்தோம். எழுத்து அறபு, மொழி தமிழ். தமிழ் ஒலிகளுக்காக அறபு எழுத்துகளில் புள்ளிகளைக் கூட்டி நம் முன்னோர் அமைத்துக்கொண்ட அறபுத்தமிழ் அது. இவ்வெழுத்தை அறியாத வீடுகளில், மரியாதை கருதியே எத்தனை ஏடுகள் கிணற்றிலும் ஆற்றிலும் விடப்பட்டனவோ! அறபு மதரஸாக்களில் ஓதிய நாமும் இதில் குற்றமற்றவர் அல்லேம். எழுத்தறிந்தும், தமிழ்ப் பாட்டுத்தானே என்று புறந்தள்ளியவர் நம்முள் உண்டு. கல்லூரியில் பயின்றவர்க்கோ யாப்புத் தெரியும், எழுத்துத் தெரியாது.

ஓர் அடியை நாம் உரக்க வாசித்தோம். அப்பெண் உடனே சீர் பிரித்தாள். ஓரிடத்தில் நாம் பிழையாகப் படித்ததை, எதுகை தட்டுகிறது என்று சொல்லித் திருத்தவும் செய்தாள்.

நண்பர் சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்னர், "பரண்மேல் ஒரு பெட்டி இருக்கிறது, ஹஜ்ரத். அதையும் கொண்டுவரட்டுமா?" என்றார்.