கடன் வாங்கிய கடை, கடன் கொடுக்கும் கடை

கிரிவலப் பாதையைத் தாண்டி திருவண்ணாமலை வளர வளர, ஏ.சி. சூப்பர் மார்க்கெட்டுகளும் வருது. 'தெரு மளிகைக் கடை இனி அவ்வளவுதானா?'ன்னு கேட்கிறாங்க. எனக்கு சுபிக்‌ஷா ஞாபகம் வருது.

1997-ல் சென்னை திருவான்மியூரில் ஒரே கடையாகத் தொடங்கியது. மலிவு விலைதான் அதன் பலம். 2008-க்குள் நாடு முழுக்க சுமார் 1,600 கடைகள். எல்லாம் கடன் வாங்கி வளர்ந்த வேகம். உலக நிதி நெருக்கடியில் புதுக் கடன் கிடைக்கல. வாடகை பாக்கி, சம்பளம் பாக்கி, சரக்குக்கும் பாக்கி. 2009-ல் கடைகள் மூடின.

தெருக்கடையும் கடன்லதான் ஓடுது. ஆனா அது வாங்குற கடன் கொஞ்சம், நோட்டுல எழுதி நமக்குக் கொடுக்கிற கடன்தான் அதிகம். சம்பளம் வந்ததும் சூப்பர் மார்க்கெட், மாசக் கடைசியில மட்டும் நோட்டுன்னு நாம இருந்தா, அந்தக் கடை எத்தனை நாள் தாங்கும்?