ஓடும் நிரலை ஒட்டுக்கேட்டல்: மெதட் அழைப்புப் பதிவின் வரலாறும் அதில் இலங்கையின் பங்கும்

அப்பாச்சி அக்சிஸ்2 என்ற இணையச்சேவை மென்பொருளின் 1.0 பதிப்பு 2006 மே மாதம் வெளிவந்தது. புதியவர் ஒருவர் அதற்கு மொடியூல் எழுதிப் பழகுவதற்காக வழிகாட்டியில் தரப்பட்ட உதாரணம், உள்ளே வரும் செய்தியையும் வெளியே போகும் பதிலையும் பதிவேட்டில் எழுதிவைக்கும் ஒரு மொடியூல். வரி கணக்கிடும் நிரலோ கடவுச்சொல் சரிபார்க்கும் நிரலோ உதாரணமாக எடுக்கப்படவில்லை. அந்த மென்பொருளின் கட்டமைப்பு முன்வைக்கப்பட்டது 2004 ஓகஸ்டில் கொழும்பில் நடந்த கூட்டத்தில். அதை எழுதியவர்களிலும் இலங்கையர் பலர்.

அந்த உதாரணத்துக்குப் பின்னால் அரை நூற்றாண்டு வரலாறு இருக்கிறது. அதைக் கருவிகளின் வம்சாவளியாகச் சொல்வதே வழக்கம். என் பார்வையில் அது ஒரு செலவுக் கணக்கின் வரலாறு: ஓடிக்கொண்டிருக்கும் நிரலில் எந்த மெதட் எதை அழைத்தது, என்ன கொடுத்து என்ன பெற்றது என்று பார்ப்பதற்கு எவ்வளவு செலவாகிறது? யாரும் பார்க்காத நேரத்திலும் அந்தச் செலவு தொடர்கிறதா?

கணக்கு கேம்பிரிட்ஜில் தொடங்குகிறது. எட்சாக் கணினி தன் முதல் நிரலை ஓட்டியது 1949 மே 6 அன்று. துணைநிரலுக்குத் தாவி, வேலை முடிந்ததும் விட்ட இடத்துக்கே திரும்பும் உத்தியை டேவிட் வீலர் அங்கேதான் உருவாக்கினார். அழைப்பு என்று ஒன்று பிறந்த பிறகுதானே அதைப் பின்தொடர முடியும். 1951இல் ஸ்டான்லி கில் ரோயல் சொசைற்றியின் ஏட்டில் எட்சாக் நிரல்களின் பிழை கண்டறிதல் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அவர் விவரித்த முறையில் பயனரின் நிரல் நேரடியாக இயந்திரத்தின் கைக்குப் போவதில்லை. சோதனை நிரல் ஒன்று நடுவில் உட்கார்ந்து, ஒவ்வொரு கட்டளையாக எடுத்து, அதன் எழுத்தைத் தொலை அச்சில் அடித்து, பிறகு தானே அதை நிறைவேற்றும். எட்சாக் விநாடிக்கு ஏறத்தாழ 600 கட்டளைகளைச் செய்யும். தொலை அச்சு விநாடிக்கு ஏழு எழுத்துகளைக்கூட எட்டாது. ஒரு விநாடி வேலையை எழுத்தெழுத்தாகப் பார்க்க ஒன்றரை நிமிடம் வேண்டும். எல்லாவற்றையும் பதிவது கட்டுப்படியாகாது, தெரிவுசெய்தே பதிய வேண்டும் என்பது அன்றைக்கே தெரிந்த சங்கதி.

கட்டளை மட்டத்திலிருந்து அழைப்பு மட்டத்துக்கு இந்தப் பார்வையை உயர்த்தியது லிஸ்ப். 1962இல் வந்த லிஸ்ப் 1.5 கையேட்டில் ட்ரேஸ் என்ற வசதி உண்டு. ஒரு செயற்கூற்றின் பெயரை அதனிடம் கொடுத்துவிட்டால், அது அழைக்கப்படும்போதெல்லாம் வந்த மதிப்புகளும் திரும்பிய விடையும் அச்சாகும். செயற்கூற்றின் உடலில் ஒரு வரிகூட மாற வேண்டியதில்லை. எம்.ஐ.டி.யில் வாரன் டைட்டல்மன் 1966இல் முடித்த முனைவர் பட்ட ஆய்வு இதைப் பொதுமைப்படுத்தியது. பைலட் என்ற அவருடைய அமைப்பில், எழுதி முடித்த செயற்கூற்றுக்கு முன்னும் பின்னும் புதிய வேலைகளை வெளியிலிருந்தே செருகலாம். பதிவு அதில் ஒரு பயன் மட்டுமே. ஆனாலும் இன்றைய கருவிகள் அனைத்துக்கும் கரு அங்கே இருக்கிறது.

அடுத்த கால் நூற்றாண்டில் இந்தச் சிந்தனை பெரும்பாலும் ஆய்வுகூடங்களிலேயே தங்கிவிட்டது. சி மொழியில் எழுதியவர்கள் சந்தேகமான இடத்தில் ஓர் அச்சுக் கட்டளையை வைத்து, பிழை அகப்பட்டதும் அழித்தார்கள். விதிவிலக்காக பேர்க்லியில் 1982இல் வந்த ஜிப்ரொஃப், தொகுப்பியின் துணையோடு ஒவ்வொரு செயற்கூற்றின் வாசலிலும் ஓர் எண்ணியை வைத்து, யார் யாரை எத்தனை முறை அழைத்தார் என்று கணக்கெடுத்தது.

ஜாவா வந்த பின் பதிவு ஒரு தொழிலானது. 1996இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் செம்பர் திட்டத்துக்காக எழுதப்பட்ட பதிவு இடைமுகமே பிறகு செக்கி குல்ஜுவின் கையில் லொக்4ஜே ஆனது. செய்திகளுக்கு நிலைகளை வகுத்து, வேண்டாத நிலையை நிரலைத் தொடாமலே அணைக்க வழி தந்தது அது. ஆனால் அணைத்தாலும் செலவு முழுதாக நிற்கவில்லை. பதிவுக்கான வாசகத்தை நிரல் முதலில் ஒட்டித் தைத்துவிடும். அதன் பிறகுதான் அந்த நிலை அணைந்திருப்பது தெரியவரும். ஆகவே எழுதுமுன் கேட்டுப் பார்க்கும் நிபந்தனை வரிகள் மெதட்டுக்கு மெதட் முளைத்தன. பத்து வரி வேலைக்கு ஆறு வரி பதிவு என்று நிறைந்துகிடந்த நிரல்களை அந்தக் காலத்தில் வேலை செய்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

இந்த நெரிசலுக்கு மருந்தாக கிரெகர் கிக்சாலெஸும் செரொக்ஸ் பார்க் ஆய்வாளர்களும் 1997இல் கூறுநோக்கு நிரலாக்கத்தை முன்வைத்தனர். அதிலிருந்து வந்த அஸ்பெக்ற்ஜே, டைட்டல்மனின் செருகலை ஜாவாவுக்குக் கொண்டுவந்தது. ‘இந்தப் பொதியில் உள்ள எல்லாப் பொது மெதட்டுகளுக்கும் முன்னால் இதைச் செய்’ என்று ஒரே இடத்தில் எழுதிவிடலாம். பதிவைத் தவிர இதற்கு வேறு பயனே இல்லை என்று கேலி செய்தவர்கள் உண்டு. அது நியாயமான கேலி அல்ல என்பது என் எண்ணம். அந்த ஒன்றைச் சரியாகச் செய்வதே பெரிய காரியம்.

2004ஆம் ஆண்டுக்கு இந்த வரலாற்றில் தனி இடம் உண்டு. அவ்வாண்டு நடுப்பகுதியில் சன் நிறுவனத்தின் பிரையன் கான்ட்ரில், மைக்கல் ஷபிரோ, அடம் லெவந்தால் மூவரும் டிட்ரேஸ் என்ற பின்தொடர் கருவி பற்றிய ஆய்வுரையை யூஸ்னிக்ஸ் மாநாட்டில் அளித்தனர். ஓகஸ்டில் கொழும்புக் கூட்டம் நடந்தது. செப்டெம்பரில் ஜாவா 5 வந்தது. ஏற்றப்படும் வகுப்புகளின் பைட்குறியை மாற்றிக்கொள்ளும் வழியை அது அதிகாரபூர்வமாகத் திறந்துவிட்டது. டிசெம்பர் 26இல் ஆழிப்பேரலை.

செலவுக் கேள்விக்கு டிட்ரேஸ் சொன்ன விடை துணிச்சலானது: பார்க்காதபோது செலவு பூச்சியம். நிரலில் முன்கூட்டி எதுவும் எழுதப்படுவதில்லை. கேட்க விரும்பும் கணத்தில் செயற்கூற்றின் வாசலில் உள்ள இயந்திரக் கட்டளை மாற்றி எழுதப்படுகிறது. கேட்டு முடிந்ததும் பழைய கட்டளை திரும்பி வருகிறது. 1848 செப்டெம்பரில் மட்டக்களப்பு வாவியில் படகிலிருந்தபடி பிரித்தானிய அதிகாரி எமர்சன் டெனன்ட் பாடும்மீன் ஓசையைக் கேட்டாரே, அதைப் போன்றது இது. மரப்பலகையில் காதை வைத்தால் ஓசை பெருகிக் கேட்டது என்று அவர் எழுதியிருக்கிறார். நீருக்குள் எதையும் அவர் இறக்கவில்லை.

கொழும்பில் தேர்ந்த வழி வேறு. அக்சிஸ்2 ஒவ்வொரு செய்தியையும் கட்டம் கட்டமாக வரிசைப்படுத்திய கையாளிகளின் வழியே அனுப்புகிறது. வழிகாட்டியின் உதாரணத்தில் பதிவுக் கையாளிகள் உள்வரவு, வெளிச்செலவு, பிழைவரவு என ஒவ்வொரு பாதைக்கும் தனித்தனியே ஒரு கோப்பில் அறிவிக்கப்படுகின்றன. சேவையின் அமைப்புக் கோப்பில் ஒரு வரி சேர்த்தால் மொடியூல் இணைந்துவிடும். சேவையை எழுதியவருக்குத் தன் மெதட்டை யாரோ கேட்டுக்கொண்டிருப்பது தெரியவே தேவையில்லை. டைட்டல்மன் செயற்கூற்றின் முன்னும் பின்னும் வைத்ததை, இவர்கள் வலையமைப்பு வழியாக வரும் அழைப்பின் முன்னும் பின்னும் வைத்தார்கள். அதே குடும்பத்தைச் சேர்ந்த சினப்ஸ் என்ற இடைநிலை மென்பொருள், பதிவதை ஒரு தனி இடையீட்டாளராகவே ஆக்கி, சிம்பிள், ஹெடர்ஸ், ஃபுல், கஸ்டம் என்று நான்கு அளவுகளைத் தந்தது.

ஆனால் செலவுக் கணக்கு இங்கேயும் ஒளிந்திருந்தது. அக்சிஸ்2 வேகமாக ஓடக் காரணம் அக்சியம் என்ற எக்ஸ்எம்எல் மாதிரி. செய்தியில் எவ்வளவு கேட்கப்படுகிறதோ அவ்வளவை மட்டுமே அது நினைவகத்தில் கட்டும். மீதியை ஓடையாகவே விட்டுவைக்கும். முழுச் செய்தியையும் எழுதச் சொன்னால் அது முழுவதையும் கட்டியே ஆக வேண்டும். தாமதித்துக் கட்டி மிச்சப்படுத்திய அத்தனையையும் பதிவு ஒரே வீச்சில் தின்றுவிடும். சினப்ஸில் ஃபுல் அளவைச் சோதனை முடிந்ததும் அணைக்க மறந்தவர்கள் இதைப் பட்டு அறிந்தார்கள். வாசலைக் காவல்காப்பது மலிவு, பெட்டிகளைத் திறந்து பார்ப்பதுதான் விலை.

2004 டிசெம்பரின் அந்த ஆழிப்பேரலை மட்டக்களப்பில் வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட நாவலடி மணல்திட்டையும் கல்லடிக் கரையையும் அழித்துச் சென்றது. அடுத்த சில நாள்களில் லங்கா சொஃப்ட்வெயர் ஃபவுண்டேசனைச் சுற்றியிருந்த தொண்டர்கள் சகானா என்ற மென்பொருளை எழுதத் தொடங்கினர். காணாமற்போனோர், முகாம்கள், நிவாரண அமைப்புகள் ஆகியவற்றுக்கான பதிவேடுகள் அதில் இருந்தன. அரசின் தேசிய செயற்பாட்டு மையம் அதைப் பயன்படுத்தியது. அக்சிஸ்2இன் பின்னணியில் நின்றதும் இதே ஃபவுண்டேசன்தான். எழுதிக்கொண்டிருக்கும்போதே ஓடிய நிரல் சகானா, நிறுத்தித் திருத்த அவகாசம் கிடையாது.

இப்படியொரு பதிவேட்டில் அழைப்பைப் பதிவது என்றால் என்ன பொருள் என்று எண்ணிப் பார்க்கலாம். கூகிள் 2010இல் வெளியிட்ட டப்பர் ஆய்வுரை, பல கணினிகளில் பரந்து ஓடும் ஒரே கோரிக்கையை அடையாள எண் ஒன்றைக் கொண்டு தொடரும் முறையை விளக்கியது. அதன் முதற்பதிப்பு சராசரியாக 1024 கோரிக்கைகளில் ஒன்றை மட்டுமே பதிந்தது. தாமதம் எங்கே என்று தேடுபவருக்கு அது தாராளம். சிப்கின், 2019இல் உருவான ஓப்பன்டெலிமெற்றி போன்ற பின்தொடர் கருவிகள் எல்லாம் அந்த வழியிலேயே வளர்ந்தன. முகாம் பதிவேட்டில் அந்த விகிதம் உதவாது. ஒருவரை ஒரு முகாமிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் அழைப்பு 1024இல் ஒன்றல்ல, அவருடைய குடும்பத்துக்கு அது ஒன்றே ஒன்று. அங்கே நிலை வைத்து அணைக்கக்கூடிய பதிவு போதாது. மாற்றம் சேமிக்கப்படும் அதே பரிவர்த்தனைக்குள், பழைய மதிப்போடும் மாற்றியவர் அடையாளத்தோடும் அது எழுதப்பட வேண்டும்.

தேடல் அழைப்பு இன்னும் சிக்கலானது. ஒரே தமிழ்ப் பெயரை ஆங்கில எழுத்தில் நான்கைந்து விதமாக எழுதலாம். தேடும் மெதட் ‘இல்லை’ என்று சொன்னால் அதன் தருக்கத்தில் பிழை இருக்காது, வந்த மதிப்பில்தான் பிழை. எந்த எழுத்துக்கூட்டலில் தேடினார்கள் என்பதை லிஸ்பின் பழைய ட்ரேஸ் போல மதிப்போடு பதிந்தால்தான் அது தெரியவரும்.

அப்படிப் பதியும்போது பதிவுக்கோப்பே இன்னொரு பதிவேடாகிவிடுகிறது. யார் யாரைத் தேடினார், யார் எந்த முகாமில் இருக்கிறார் என்பதெல்லாம் போர்க்காலக் கிழக்கில் ஆபத்தில்லாத தகவல் அல்ல. பதிவுக்கோப்பைக் குப்பைக்கூடைபோல் நடத்தும் வழக்கத்துக்கு 2021 டிசெம்பரில் ஓர் அடி விழுந்தது: லொக்4ஜே 2, தான் எழுதவேண்டிய வாசகத்துக்குள் இருந்த குறிப்பைப் பொருள்கொண்டு, வெளிச் சேவையகத்திலிருந்து நிரலை இறக்கி ஓட்டக்கூடியதாக இருந்தது. தேடற்பெட்டியில் தட்டும் ஒரு வரி அதற்குப் போதும். ஓப்பன்டெலிமெற்றியில் இன்று சேகரிப்பானின் மட்டத்திலேயே அடையாளத் தரவுகளை நீக்கவும் மறைக்கவும் வசதி உண்டு. எந்தப் புலத்தை மறைப்பது என்பதை அந்தக் கருவி அறியாது. பதிவேட்டை வடிவமைப்பவர் அதைத் தரவு மாதிரி வரையும்போதே புலத்துக்குப் புலம் குறித்துவைத்தால், மொடியூல் இணைக்கும் நாளில் அந்தக் குறிப்பையே அமைப்புக் கோப்பில் ஏற்றிவிடலாம்.