எண்ணே சட்டமாகும் உலகம்: இணைய விளையாட்டுகளில் பாத்திரத்தின் பாலும் ஆற்றலும்

1978இல் வெளிவந்த, 'அட்வான்ஸ்டு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்னும் மேசைப் பாத்திர விளையாட்டின் ஆட்டக்காரர் கையேட்டில் வலிமைக்கென்று ஓர் அட்டவணை இருக்கிறது. பகடையில் விழும் புள்ளிகளைக் கொண்டு ஒவ்வொரு பாத்திரத்துக்கும் வலிமை குறிக்கப்படும்; 3 முதல் 18 வரை. போர்வீரப் பாத்திரத்துக்கு 18 விழுந்துவிட்டால் மறுபடியும் ஒருமுறை, இப்போது நூற்றுக்கான பகடையை, உருட்டலாம். அதில் 87 விழுந்தது என்று வைத்துக்கொள்வோம். பாத்திரம் ஆணானால் அடி குறிதவறாமல் விழுவதற்கு 2 புள்ளியும் சேதத்துக்கு 4 புள்ளியும் கூடும். பெண்ணானால் விழுந்த 87 செல்லாது. மனிதப் பெண்ணின் வலிமைக்கு 18/50தான், அதாவது இரண்டாம் உருட்டலில் 50தான், உச்சவரம்பு. ஆகவே அவளுக்குக் கிடைப்பது முறையே 1, 3. பகடை ஒன்று, வகுப்பு ஒன்று, அதிர்ஷ்டமும் ஒன்று. கணக்கு மட்டும் இரண்டு.

மூன்று பகடையை நேராக உருட்டினால் 18 விழுவதற்கு 216இல் ஒரு வாய்ப்புதான். அந்த அரிய நிலையை எட்டியவர்களிலும் பாதிப்பேரைத்தான் இந்த விதி தொடும். மேசையைச் சுற்றி அமர்ந்து ஆடிய பெரும்பாலோருக்கு அது ஒருமுறைகூடக் குறுக்கிட்டிருக்காது. இருந்தும் அச்சிட்டார்கள். அதே அட்டவணையை இன்னும் சற்றுக் கீழே படித்தால் வேறொன்றும் தெரியவரும். மனிதரின் இடுப்பளவே வளரும் 'நோம்' இனத்து ஆணுக்கும் உச்சவரம்பு 18/50. மனிதப் பெண்ணுக்கும் நோம் ஆணுக்கும் ஒரே வரம்பு வைத்த அட்டவணையை உடலியலின் நகல் என்று யாரும் வாதாட முடியாது. 1989இல் வந்த இரண்டாம் பதிப்பு பால்சார்ந்த வரம்பை நீக்கிவிட்டது.

விதி போய்விட்டது, அதன் பின்னிருந்த கேள்வி போகவில்லை. ஆயிரக்கணக்கானோர் ஒரே உலகில் கூடி ஆடும் இணையவழிப் பாத்திர விளையாட்டுகளில் அது மீண்டும் மீண்டும் எழுகிறது: பாத்திரம் ஆணா பெண்ணா என்பதைப் பொறுத்து அதன் ஆற்றல் மாறலாமா? மாறக்கூடாது என்பது என் முடிவு. சமத்துவம் நல்லது என்று சொல்லி நிறுத்திக்கொள்வது இதற்குப் போதாது. இணைய விளையாட்டில் ஓர் எண் என்ன வேலை செய்கிறது என்று பார்த்தால்தான் இந்த முடிவின் வலு விளங்கும்.

மாற்றுத்தரப்பின் முதல் வாதம் எதார்த்தம். சராசரி ஆணின் மேலுடல் வலிமை சராசரிப் பெண்ணினுடையதைவிட வெகுவாக அதிகம் என்பது அளந்து நிறுவப்பட்ட உண்மை. அதை மறுத்து வாதத்தைத் தொடங்குபவர் பாதி வழியிலேயே தோற்றுவிடுவார். மறுக்க வேண்டிய தேவையும் இல்லை. சராசரி என்பது கூட்டத்தின் பண்பு. பாத்திரமோ ஒற்றை ஆள். அதுவும் வாளெடுத்துப் பூதங்களோடு மோதத் துணிந்த அபூர்வ ஆள். மக்கள்தொகைக் கணக்கின் சராசரியை அவள்மேல் சுமத்த என்ன முகாந்திரம்? தவிரவும், இதே விளையாட்டுகளில் ஈட்டி பாய்ந்தவர் ஒரு குப்பி மருந்தைக் குடித்துவிட்டு ஓடுகிறார்; இறந்தவர் கல்லறைத் தோட்டத்தில் எழுந்து நிற்கிறார்; முதல் லெவலில் ஓநாய்க்கு அஞ்சியவர் அறுபதாம் லெவலில் டிராகனை வீழ்த்துகிறார். எதார்த்தத்தின் எந்தத் துண்டை எடுப்பது, எதை விடுவது என்பது வடிவமைப்பாளரின் தேர்வு. காயத்தையும் பசியையும் சாவையும் தள்ளுபடி செய்துவிட்டுப் பெண்ணின் தோள்வலிமையில் மட்டும் துல்லியம் கேட்பவர், அந்தத் தேர்வுக்குத் தனியே காரணம் சொல்லியாக வேண்டும். அப்படி ஒரு காரணத்தை நான் இதுவரை படித்ததில்லை.

தனியாளாக ஆடும் விளையாட்டை இதில் சேர்க்க வேண்டியதில்லை. 2002இன் 'மாரோவிண்ட்', 2006இன் 'ஆப்லிவியன்' இரண்டிலும் ஒரே இனத்தின் ஆணும் பெண்ணும் வேறுவேறு தொடக்கப் புள்ளிகளோடு வருவார்கள். ஆட்டம் முன்னேறும்போது அந்த இடைவெளி கரைந்துவிடும். பக்கத்தில் நின்று ஒப்பிடவும் ஆளில்லை. அடுத்து 2011இல் வந்த 'ஸ்கைரிம்' இந்த வேறுபாட்டைக் கைவிட்டது. அதனால் யாருக்கும் இழப்பில்லை.

இணைய உலகின் நிலைமை வேறு. ரெய்டு என்னும் கூட்டுப்போரை எடுத்துக்கொள்வோம். இருபது இருபத்தைந்து பேர் சேர்ந்து ஒரு பெரும் எதிரியைக் குறித்த நேரத்துக்குள் வீழ்த்த வேண்டும். தவறினால் எதிரிக்கு வெறி ஏறி மொத்தக் குழுவும் அழியும். ஒவ்வொருவரும் வினாடிக்கு எவ்வளவு சேதம் விளைவித்தார், ஹீலர் எவ்வளவு உயிர்ப்புள்ளி மீட்டார் என்ற பட்டியல் கில்டு என்னும் ஆட்டக்குழுவின் தலைவர் திரையில் ஓடிக்கொண்டே இருக்கும். எதிரிக்கு ஒரு சதவீத உயிர் மிஞ்சியிருக்கும்போது குழு அழிந்தால், அந்த ஒரு சதவீதம் யாரிடம் குறைந்தது என்ற விசாரணை உடனே தொடங்கும். இங்கே சிறு எண்வேறுபாடு சிறு வேறுபாடாக இருப்பதில்லை. அது சேர்க்கைக்கான நிபந்தனையாகிறது.

ஊகத்தில் சொல்லவில்லை. 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' ஆண் பெண் பாத்திரங்களுக்குள் ஆற்றல் வேறுபாடு வைக்கவில்லை, இனங்களுக்குள் வைத்தது. 2008இல் மனித இனத்துக்கு ஒரு சிறப்பாற்றல் தரப்பட்டது: எதிராளி செயலிழக்கச் செய்தால் அதிலிருந்து உடனே விடுபடலாம். மற்ற இனத்தவர் இதற்கென ஓர் அணிகலனை அணிந்து ஓர் இடத்தை அடைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. மனிதருக்கு அந்த இடம் மிச்சமானது. கேட்பதற்குச் சின்னச் சலுகைதான். ஆனால் அரங்கப் போட்டியில், மனிதர்கள் அடங்கிய அலையன்ஸ் தரப்பில் முன்னேற நினைத்தவர்கள் கூட்டங்கூட்டமாக மனிதர்களானார்கள். 2009இல் பணம் கட்டி இனம் மாறும் சேவையும் வந்தது. குள்ள இனத்தை விரும்பிப் பல மாதம் வளர்த்தவர்கள் அதை விட்டுவிட்டு மாறியதற்குக் காரணம் ஆசை அல்ல, கணக்கு.

இதையே பாலுக்குப் பொருத்திப் பார்ப்போம். ஆண் பாத்திரத்துக்குச் சேதத்தில் இரண்டு சதவீதம், பெண் பாத்திரத்துக்குக் குணமாக்குவதில் இரண்டு சதவீதம் என்று சமமாகவே பங்கிட்டதாக வைத்துக்கொள்வோம். ஒரே வாரத்தில் வழிகாட்டிகள் எழுதப்பட்டுவிடும்: ஹீலர் என்றால் பெண், சேதம் விளைவிப்பவர் என்றால் ஆண். நிக் யீயும் உடன் ஆய்வாளர்களும் 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' தரவை வைத்து 2011இல் வெளியிட்ட ஆய்வு, எந்த எண் ஊக்கமும் இல்லாமலேயே ஆண்கள் பெண் பாத்திரத்தில் ஆடும்போது கூடுதலாகக் குணமாக்குகிறார்கள் என்றும், பெண்கள் ஆண் பாத்திரத்தில் ஆடும்போது அதைக் குறைத்துக்கொள்கிறார்கள் என்றும் காட்டியது. பெண் என்றால் பணிவிடை என்ற எண்ணம் வெளியுலகிலிருந்து தானாகவே உள்ளே வந்துவிடுகிறது. சாய்வாக இருப்பதை எண் வந்து கட்டாயமாக்கிவிடும்.

இனத்தோடு பாலை ஒப்பிடும்போது ஒரு பெரிய வேறுபாட்டை மறக்கலாகாது. கணினியை அணைத்துவிட்டு எழுந்திருக்கும்போது யாரும் ஓர்க் இனத்தவர் அல்ல. பால் அப்படிக் கழன்றுவிடாது. ஆண்கள் பெண் பாத்திரத்தை எடுத்து ஆடுவது வெகு சாதாரணம். பெண்கள் ஆண் பாத்திரத்தை எடுப்பது அதைவிடக் குறைவு. எனவே பெண் போர்வீரருக்கு வலிமையைக் குறைத்தால், ஆண் ஆட்டக்காரருக்கு அது பல வேடங்களுள் ஒன்றின் குறை. பெண் ஆட்டக்காரருக்கோ தானாகவே இருந்து ஆடுவதற்கு விதித்த வரி. திருநர் இளைஞர்களை நினைத்தால் இது இன்னும் கனக்கிறது. தான் உணரும் பாலில், தான் தேர்ந்த பெயரில், பிறரால் அழைக்கப்படும் முதல் அனுபவம் அவர்களில் சிலருக்கு இத்தகைய உலகங்களில்தான் வாய்க்கிறது. அந்த வாசலில் கட்டணம் வைப்பது கொடுமை. இதை இதைவிட மென்மையான சொல்லால் எழுத எனக்கு மனமில்லை.

மாற்றுத்தரப்பின் வலுவான வாதம் எதார்த்தம் அல்ல, இணைவு. ஒருவரைத் தாழ்த்தாமல் இருவரையும் வேறுபடுத்தலாமே, வேறுபட்டவர்கள் ஒருவரையொருவர் தேடிவரச் செய்யலாமே என்பது. இதற்குக் கிடைக்கும் நல்ல சான்று கொரியாவின் 'ராக்னராக் ஆன்லைன்'. அதில் வில்லாளர் அடுத்த படிக்கு உயரும்போது ஆண் பாணராகலாம், பெண் ஆடல்மகளாகலாம். இருவருக்கும் தனித்தனிப் பாடலும் ஆடலும் உண்டு. அவை போக, இருவரும் அருகருகே நின்றால் மட்டுமே நிகழ்த்தக்கூடிய கூட்டிசைகள் உண்டு. ஒருவர் விலகினால் இசை அறுந்துவிடும். இரண்டு அந்நியர் இப்படிக் கூடி ஓர் ஆற்றலை உண்டாக்குவது அழகான வடிவமைப்பு என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அந்த அழகை எது தாங்கி நிற்கிறது? இரண்டு வெவ்வேறு வகுப்புகள். பாணராக ஒரு பெண்ணும் ஆடுபவராக ஓர் ஆணும் நின்றாலும் கூட்டிசையின் ஒரு நுணுக்கமும் குறையாது. பால் என்னும் பூட்டை எடுத்துவிட்டால் வடிவமைப்பு அப்படியே நிற்கும். வெளியே நின்றவர்கள் உள்ளே வருவார்கள், அவ்வளவுதான். அந்த விளையாட்டில் தொடக்கத்தில் பால் பாத்திரத்தோடுகூட அல்ல, பயனர் கணக்கோடு கட்டப்பட்டிருந்தது. மறுபாலில் ஆட வேறொரு கணக்கைத் தொடங்க வேண்டியிருந்தது.

இந்தப் பூட்டு கொரிய விளையாட்டுகளில் நெடுங்காலம் வழக்கமாக இருந்தது. 'லினியேஜ் 2'இல் கமேல் இனத்து ஆண் பெருவாள் வழியில் போவார், பெண் குறுக்குவில் வழியில். 'பிளாக் டெசர்ட்', 'லாஸ்ட் ஆர்க்' ஆகியவற்றிலும் வகுப்பைத் தேர்ந்தால் பாலும் தீர்மானமாகிவிடும். இதற்குத் தயாரிப்பாளர் தரப்பில் சொல்லப்படும் காரணம் செலவு: ஒவ்வொரு வகுப்புக்கும் இரண்டு உடல், இரண்டு மடங்கு அசைவு, இரண்டு மடங்கு உடை. நேர்மையான காரணம்தான். அது காலத்தைத் தள்ளிப்போட உதவும், கொள்கையாக நிற்க உதவாது. 'ஃபைனல் ஃபேன்டசி 14' 2019இல் வியேரா இனத்தைப் பெண்ணாக மட்டும், ஹ்ரோத்கர் இனத்தை ஆணாக மட்டும் கொண்டுவந்தது. ஆட்டக்காரர்கள் விடாமல் கேட்டார்கள். 2021இல் வியேரா ஆண்களும் 2024இல் ஹ்ரோத்கர் பெண்களும் வந்தார்கள். பணமும் காலமும் ஒதுக்கினால் தீரும் சிக்கல் அது.

ஆற்றலைச் சமமாக்கினால் பாகுபாடு போய்விடுமா? போகாது. பொருளியலாளர் எட்வர்ட் கேஸ்ட்ரனோவா 2003இல் வெளியிட்ட ஆய்வு இங்கே மிக முக்கியமானது. 'எவர்க்வெஸ்ட்' ஆட்டக்காரர்கள் தாம் வளர்த்த பாத்திரங்களை வெளியே இணைய ஏலத்தில் உண்மைப் பணத்துக்கு விற்றார்கள். அந்த விலைகளைத் தொகுத்துப் பார்த்தபோது, மற்ற தன்மைகள் ஒத்திருந்தாலும் பெண் பாத்திரம் குறைந்த விலைக்கே போனது தெரிந்தது. அந்த விளையாட்டில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஆற்றலில் துளி வேறுபாடும் கிடையாது. ஆட்டக்காரர்களில் ஆண்கள் மிகுதி என்பது உட்படப் பல காரணங்களை அவர் பரிசீலித்தார். 

சமமான எண்களால் என்ன பயன் என்று கேட்பவர்கள் இந்த ஆய்வைத் தமக்கு ஆதரவாகக் காட்டக்கூடும். எனக்கு இது நேரெதிரானதைச் சொல்கிறது. எண்கள் சமமாக இருந்ததால்தான் அந்த விலைக்குறைவு ஆற்றலால் வந்ததல்ல என்று அடையாளம் காண முடிந்தது. பெண் பாத்திரத்துக்கு ஐந்து புள்ளி வலிமை குறைத்திருந்தால், குறைந்த பொருளுக்குக் குறைந்த விலை என்று சந்தை தன்னை நியாயப்படுத்திக்கொண்டிருக்கும். கேஸ்ட்ரனோவாவுக்கு அளக்க எதுவும் மிஞ்சியிருக்காது. விதியில் எழுதப்பட்ட பாகுபாடு, மனத்திலுள்ள பாகுபாட்டுக்குத் திரையாகிவிடுகிறது. கில்டிலிருந்து ஒரு பெண் போர்வீரரை விலக்குபவர் தன் மனத்தைச் சொல்ல வேண்டியதில்லை. அட்டவணையைச் சுட்டினால் போதும். எண்கள் சமமானால் அவர் சொல்லும் காரணம் அவருடையதாகவே நிற்கும், அதை மற்றவர்கள் எதிர்த்துக் கேட்கவும் முடியும்.

இதனால் கற்பனை உலகில் பால் எதையுமே தொடக்கூடாது என்று ஆகிவிடாது. துருக்கியில் உருவான 'மவுண்ட் அண்ட் பிளேட்: வார்பேண்ட்' இந்த வகையில் சிந்திக்கத்தக்கது. பாத்திரத்தை உருவாக்கும்போது ஆணுக்கு வலிமையும் வசீகரமும் ஒவ்வொரு புள்ளி, பெண்ணுக்குச் சுறுசுறுப்பும் அறிவும் ஒவ்வொரு புள்ளி கூடும். அதை நான் பொருட்படுத்தவில்லை. கவனிக்க வேண்டியது அதன் சமூகம். பெண்ணாக ஆடினால் சில பிரபுக்கள் ஏளனம் செய்வார்கள். அரசியலில் ஏறும் படிகள் வேறாக அமையும். அங்கே தடையாக இருப்பது அவள் உடலல்ல, அந்த நாட்டின் மனிதர்கள். அவர்களைப் போரில் வெல்லலாம், வாதில் வெல்லலாம். உடலில் எழுதிய வரம்பை எதனாலும் வெல்ல முடியாது. ஒரு படைப்பாளி ஆணாதிக்க உலகைச் சித்திரிக்க விரும்பினால் இந்த வழி திறந்தே இருக்கிறது.

ஆனால் இதுவும் தனியாள் ஆட்டத்தின் வசதி. இணைய உலகில் ஒரு பெண் ஆட்டக்காரர் கேட்கும் ஏளனம் எழுதிவைத்த பிரபுவிடமிருந்து மட்டும் வருவதில்லை. குரலைக் கேட்டதும் மாறும் பேச்சுக்காகவே மைக்கை அணைத்து வைத்துக்கொள்பவர்கள், பால் தெரியாத பெயரைத் தேடிச் சூட்டிக்கொள்பவர்கள் எந்தப் பெரிய சர்வரிலும் இருக்கிறார்கள். உடனாடுபவர்களிடம் பட்டதைக் கதைமாந்தரிடமும் பட வைப்பது அவர்களுக்குக் கலை அனுபவம் ஆகாது. ஆகவே இணைய விளையாட்டில் இத்தகைய கதை இடம்பெறுமானால், ஆட்டக்காரர் தாமே தேர்ந்து நுழையும் கிளையாக அது இருக்க வேண்டும். நுழைய மறுப்பவருக்கு அனுபவப் புள்ளியிலோ கிடைக்கும் பொருளிலோ ஒன்றும் குறையக்கூடாது. எந்தப் பாலில் ஆடினாலும் அந்தக் கிளை திறந்திருக்க வேண்டும்.