பெட்டி இல்லாத வீடு

பிள்ளை பத்தாவதுக்கோ பன்னிரண்டாவதுக்கோ போய்விட்டால், மதுரைப் பக்கம் பல வீடுகளில் முதலில் துண்டாவது கேபிள் ஒயர்தான். “பரீட்சை முடியிற வரைக்கும் வேணாம்ணே” என்று கேபிள்காரரிடம் சொல்லிவிடுவார்கள். பிள்ளைக்கு மட்டும் தடை போட்டால் எடுபடாது. அப்பாவின் செய்தி, அம்மாவின் சீரியல், பாட்டியின் பக்திப்படம் எல்லாவற்றுக்கும் ஒரு வருஷ விரதம்.

இப்படி வேண்டாமென்று ஒதுக்குவது இந்த ஊருக்குப் புதுப் பழக்கம்.

முன்பு எல்லா வீடும் டிவி இல்லாத வீடுதான். ஆனால் யாரும் அதை அப்படிச் சொல்லிக்கொண்டதில்லை. பொழுது வாசலுக்கு வெளியே கிடந்தது. 1952இல் ‘பராசக்தி’யோடு திறந்த தங்கம் தியேட்டரில் ஒரே காட்சிக்கு 2,500 பேருக்கு மேல் உட்கார முடிந்தது. சுற்றுப்பட்டுக் கிராமங்களில் திருவிழா என்றால் ஸ்பெஷல் நாடகம். 1918இல் மதுரையில் பாலர் நாடக சபை தொடங்கிய சங்கரதாஸ் சுவாமிகளின் வழிவந்த மேடை அது. ராத்திரி பத்து மணி வாக்கில் ஆரம்பிக்கும் ‘வள்ளி திருமணம்’ விடியும்போதுதான் முடியும். பாய், போர்வையோடு குடும்பமே பொட்டலில் இடம்பிடிக்கும். பபூன் வந்ததும் எழுப்பச் சொல்லிவிட்டுப் பிள்ளைகள் தூங்கிப்போவார்கள்.

சென்னையில் தூர்தர்ஷன் 1975 ஆகஸ்ட் 15 அன்று வந்துவிட்டது. மதுரைக்கு அது எட்டாத தூரம். 1982இல் இலங்கையின் ரூபவாஹினி தொடங்கியபோதுதான் வசதியுள்ளவர்களின் மொட்டைமாடியில் நெட்டைக் குழாய்கள் நிமிர்ந்தன. ஒருவர் மேலே ஆன்டெனாவைத் திருப்ப, இன்னொருவர் கீழேயிருந்து “தெரியுது, தெரியல” என்று கத்துவார். சென்னைக்கு முன்னால் கொழும்பு வந்து சேர்ந்த விசித்திரம்! பிறகு கொடைக்கானல் மலையிலிருந்து தூர்தர்ஷன் இறங்கி வந்தது. ‘ஒலியும் ஒளியும்’ வரும் வெள்ளிக்கிழமைகளில் தெருவே ஒரு வீட்டில் நெருக்கியடித்தது. இடமில்லாதவர்களுக்கு ஜன்னல் கம்பி. நாலணா வசூலித்த வீடுகளும் உண்டு. டிவி இல்லாத வீடு என்பது குறையாக மாறியது அப்போதுதான்.

1993இல் சன் டிவி வந்தபின் மதுரையின் பேச்சும் பெட்டிக்குள் குடிபுகுந்தது. அமெரிக்கன் கல்லூரித் தமிழ்ப் பேராசிரியர் சாலமன் பாப்பையாவின் பட்டிமன்றத்துக்காகத் தெருமுனையில் திரண்ட கூட்டம், அதே பட்டிமன்றத்துக்காகப் பண்டிகைக் காலையில் வீட்டைவிட்டு நகரவில்லை.

2006 செப்டம்பரில் அரசு 14 அங்குல வண்ணத் தொலைக்காட்சியை இலவசமாக வழங்க ஆரம்பித்தது. 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழகத்தில் டிவி இருந்த வீடுகள் நூற்றுக்கு நாற்பதுகூட இல்லை, 2011இல் 87. குறையைத் தீர்க்க அரசே வந்து நின்றபின், பெட்டி இல்லை என்றால் பல வீடுகளில் அது வேண்டாம் என்றே அர்த்தம்.

மகாராஷ்டிரத்தில் சாங்லி மாவட்டத்து மோஹித்யாஞ்சே வட்காவ் கிராமம் 2022இல் இதை ஊர்க்கட்டுப்பாடாகவே ஆக்கியது. மாலை ஏழு மணிக்குச் சங்கு ஊதினால் டிவி, செல்போன் இரண்டும் ஓய்வு. எட்டரைக்கு மறுபடி ஊதும்வரை படிப்பும் பேச்சும்தான். மதுரையில் சங்கு இல்லை. வீட்டுக்கு வீடு தனித்தனிப் பஞ்சாயத்து. கையிலிருக்கும் செல்போன் அந்தப் பஞ்சாயத்துக்கு அடங்குவதுமில்லை.

ஏப்ரலில் பரீட்சை முடிந்ததும் கேபிள்காரர் படியேறி, “கனெக்‌ஷன் கொடுத்துரவா?” என்று கேட்பார். பெரும்பாலான வீடுகளில் அதற்குள் பாட்டியே ரிமோட்டைத் தேடி எடுத்திருப்பார். சில வீடுகளில் மட்டும், “இருக்கட்டும்ணே, அப்புறம் சொல்றோம்” என்று பதில் வருகிறது.