உணவு உப்பு அளவீடு

ஒருவர் நாளொன்றுக்கு எவ்வளவு உப்பு உண்கிறார் என்று கணித்து, அதை இரத்த அழுத்தம், பக்கவாதம், இதயநோய் ஆகியவற்றோடு பொருத்திப் பார்க்கும் ஆய்வுமுறை. நேரில் கேட்டால் சரியான விடை கிடைப்பதில்லை. கண்திட்டமாகப் போட்ட உப்பு யாருக்கும் கிராம் கணக்கில் நினைவிருக்காது. உண்ட சோடியத்தில் ஏறத்தாழ 90 சதவீதம் சிறுநீரில் வெளியேறுவதால் ஆய்வாளர்கள் அதையே சோதிக்கின்றனர்.

பாரிஸில் அம்பார், போஜார் ஆகியோர் 1904இல் நோயாளிகளின் குளோரைடு வரவு செலவைக் கணக்கிட்டு, உப்பை இரத்த அழுத்தத்தோடு தொடர்புபடுத்தினர். 1960இல் அமெரிக்கரான லூயிஸ் டால் ஐந்து மக்கட்கூட்டங்களை ஒரே வரைபடத்தில் வைத்தார். நாளுக்குச் சுமார் 26 கிராம் உண்ட வட ஜப்பானியர் அதன் உச்சியில் இருந்தனர். ஐந்தே புள்ளிகள் போதிய சான்றாகா.

அந்தக் குறையைத் தீர்க்க வந்ததே இன்டர்சால்ட் ஆய்வு (1988): 32 நாடுகள், 52 மையங்கள், 10,079 பேர். பங்கேற்பவர் மையத்தில் சிறுநீர் கழித்த நொடியில் கணக்கு தொடங்கும். பிறகு 24 மணிநேரம், வேலையிடத்திலும் இரவிலும், ஒரு துளி விடாமல் கலனில் சேர்த்து மறுநாள் மையத்தில் ஒப்படைக்க வேண்டும். மாதிரிகள் அனைத்தும் பெல்ஜியத்தின் லூவன் நகரில் ஒரே ஆய்வகத்தில் சோதிக்கப்பட்டன. ஒரு வேளை தவறினாலும் அளவு குறைந்துவிடும். அதைக் கண்டுபிடிக்க, சிறுநீரில் அநேகமாக முழுவதும் வெளியேறிவிடும் 'பாபா' மாத்திரையைக் கொடுத்துச் சரிபார்க்கும் வழியை பிங்காம், கம்மிங்ஸ் இருவரும் 1983இல் வகுத்திருந்தனர்.

இவ்வளவு பாடு வேண்டாமென்று, காலைச் சிறுநீர் ஒன்றிலிருந்தே நாளளவைக் கணிக்கும் கவாசாகி சூத்திரம் பின்னர் பரவியது. அதைப் பயன்படுத்திய பியூர் ஆய்வு (2014), 17 நாடுகளில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோரிடம், சோடியம் 3 கிராமுக்குக் குறைந்தாலும் ஆபத்து கூடுவதாகக் கண்டது. பெரும் சர்ச்சை மூண்டது. சூத்திரத்தில் வயது, எடை, பாலினம் ஆகியவையும் சேர்கின்றன; இவை தாமே மரண வாய்ப்போடு பிணைந்தவை என்ற எதிர்ப்பு நியாயமானது.

முழுநாள் சேகரிப்பும் ஒருமுறை மட்டும் என்றால் போதாது. செவ்வாய்ப் பயண ஒத்திகைக்காக மாஸ்கோவில் அடைபட்டிருந்தவர்களுக்கு வாரக்கணக்கில் ஒரே அளவு உப்பு கொடுத்தும், வெளியேறிய சோடியம் நாளுக்கு நாள் ஏறியிறங்கியதை 2013இல் வெளியான ஆய்வு காட்டியது.

இரண்டு முறையாவது முழுநாள் சிறுநீர் சேகரித்த ஆறு ஆய்வுகளை, மொத்தம் 10,709 பேரை, 2022இல் ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது குறைந்த அளவில் ஆபத்து கூடவில்லை. நாளுக்கு 1,000 மில்லிகிராம் சோடியம், அதாவது சுமார் 2.5 கிராம் உப்பு, கூடுந்தோறும் இதய இரத்தநாள நோய் ஆபத்து 18 சதவீதம் உயர்ந்தது.