தம்புள்ளைக்கு மரக்கறி அனுப்புவோரின் கணக்குகளுக்கு இரண்டாவது பூட்டு

மாத்தளை மாவட்டத்திலுள்ள தம்புள்ளை பொருளாதார மத்திய நிலையத்துக்கு வடக்கிலிருந்தும் வன்னியிலிருந்தும் லொறிகளில் மரக்கறி போகிறது. விலை வட்ஸ்அப்பில் பேசப்படுகிறது, காசு வங்கிக் கணக்கில் விழுகிறது. ஒருவரின் வட்ஸ்அப்பைக் கைப்பற்றியவர், "கணக்கிலக்கம் மாறிவிட்டது, இதற்குப் போடுங்கள்" என்று கொள்வனவாளருக்கு ஒரு வரி அனுப்பினால் போதும், ஒரு போகத்தின் உழைப்பு போய்விடும்.

மத்திய வங்கிகளே இதற்குத் தப்பவில்லை. 2016 பெப்ரவரியில் வங்காளதேச மத்திய வங்கியின் கணினிகளுக்குள் நுழைந்தவர்கள், நியூயோர்க்கிலிருந்த அதன் கணக்கிலிருந்து சுமார் 95 கோடி டொலரை எடுக்க முயன்றனர். அதில் 2 கோடி டொலர் இலங்கைக்கு வந்தது. பெறுநரின் பெயரில் 'பவுண்டேசன்' என்ற சொல் எழுத்துப்பிழையோடு இருந்ததால் சந்தேகம் எழுந்து, அந்தப் பணம் மீட்கப்பட்டது. பிலிப்பைன்ஸுக்குப் போனது 8 கோடி 10 இலட்சம் டொலர். அதில் ஒரு சிறு பகுதியே அடுத்து வந்த ஆண்டுகளில் மீண்டது. வங்கிகளிடையே பணக் கட்டளைகளைக் கடத்தும் சுவிப்ட் அமைப்பு, அதன் பின்னர் பல்காரணி உறுதிப்படுத்தலைக் கட்டாயமாக்கியது.

பெயர்தான் பெரிது. கடவுச்சொல் உங்களுக்குத் தெரிந்த ஒன்று; கைத்தொலைபேசி உங்களிடம் இருக்கும் ஒன்று; கைரேகை உங்கள் உடலில் உள்ள ஒன்று. இவற்றில் இரண்டைக் கேட்டால் திருடனின் வேலை கடினமாகிறது.

வட்ஸ்அப்பில் இந்த வசதி 2017 முதல் எல்லோருக்கும் உண்டு. அமைப்புகளில் 'கணக்கு' பகுதிக்குள் சென்று, ஆறு இலக்க எண்ணொன்றை நீங்களே வைக்கலாம். "தவறுதலாக உங்களுக்கு ஒரு கோட் வந்திருக்கும், அனுப்புங்கோ" என்று தெரிந்தவரின் பெயரில் செய்தி வந்து, ஏமாந்து அனுப்பிவிட்டாலும், அந்த எண் இல்லாமல் கணக்கைத் திறப்பது கடினம். மின்னஞ்சலுக்கும் பேஸ்புக் பக்கத்துக்கும் குறுஞ்செய்தியை விட, குறியீடு உருவாக்கும் செயலியே நல்லது. சிம் அட்டையை வேறொருவர் தன் பெயரில் எடுத்துவிட்டால் குறுஞ்செய்தி அவருக்குத்தான் போகும்.

எங்கள் சனத்துக்கென்று ஒரு சிக்கல் உண்டு. கடையின் மின்னஞ்சலைக் கனடாவில் உள்ள மருமகன் திறந்து கொடுத்திருப்பார். மீட்பு இலக்கமும் அவருடையதாகவே இருக்கும். அவர் தொலைபேசியை மாற்றினால் உங்கள் கடை பூட்டப்பட்டுவிடும். இன்றே உங்கள் இலக்கத்துக்கு மாற்றுங்கள். கணக்கு தரும் மீட்புக் குறியீடுகளைத் தாளில் எழுதி, காணி உறுதியோடு ஒரு பிரதியும் வேறு வீட்டில் இன்னொன்றும் வையுங்கள். ஒரே இடத்தில் வைத்த ஆவணங்களை இடம்பெயர்வில் இழந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

கணக்கிலக்கம் மாறியதாகச் செய்தி வந்தால், பழைய இலக்கத்துக்கு அழைத்துக் குரலைக் கேட்ட பின்னரே காசு போடுங்கள். ஏமாற்றப்பட்டால் முதலில் வங்கிக்கு அறிவியுங்கள். அடுத்து பொலிஸில் முறையிடுங்கள். 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் இதற்குப் பொருந்தும்.