பாலாற்றுப் படுகையில் குடல் நுண்ணுயிர் ஆய்வு

1880இல் ஜான் டெய்லர் நிறுவனம் கோலார் தங்கவயலில் இறங்கிய பிறகு, வட ஆர்க்காடு, சேலம் பகுதித் தமிழர்கள் குடும்பம் குடும்பமாக வந்து 'லைன்' எனப்பட்ட குடியிருப்புகளின் தட்டி வீடுகளில் நெருக்கியடித்து வாழ்ந்தார்கள். காலரா பயம் தீராத இடம் அது. பாலாற்று நீரைத் தேக்கும் பேத்தமங்கலா ஏரியிலிருந்து சுத்திகரித்த தண்ணீர் பின்னர் குழாய் வழியே வந்தது. கிருமியை வயிற்றுக்குள் விடாமல் தடுப்பதே அந்நாளைய சுகாதாரத்தின் முழு நோக்கம்.

அதே பாலாறு கீழே வந்து சேரும் வேலூரில்தான் குடலைப் பற்றிய பார்வை மாறியது. 1960களில் வட ஆர்க்காட்டு ஊர்களில் 'ஸ்புரூ' பரவியது. தின்ற உணவு உடம்பில் ஒட்டாமல் மெலியவைக்கும் நோய் அது. கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் செல்வின் பேக்கரும் வி. ஐ. மாத்தனும் அதை ஆராய்ந்தார்கள். 1980இல் ஜான் ஆல்பர்ட்டுடன் சேர்ந்து அவர்கள் 'நேச்சர்' இதழில் எழுதிய கட்டுரை, நலமாயிருப்பவர்களின் சிறுகுடல் பாக்டீரியாக்கள் சில பி12 வைட்டமினைத் தாமே தயாரிப்பதைக் காட்டியது. தென்னிந்திய மருத்துவ ஆய்வில் இது உரிய அளவு பேசப்படாத சாதனை.

தடுப்பாற்றல் பற்றிய கேள்வியும் அங்கேயே எழுந்தது. போலியோ சொட்டுமருந்து வேலூர்க் குழந்தைகளிடம் எதிர்பார்த்த அளவு பலிக்கவில்லை என்று டி. ஜேக்கப் ஜான் 1972இல் எழுதினார். குடல் கிருமிகளே காரணமோ என்று அறிய, பிற்காலத்தில் வேலூர்க் குழந்தைகளுக்கு அசித்ரோமைசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்தைக் கொடுத்துச் சோதித்தார்கள். 2016இல் முடிவு வெளிவந்தது: நோய்க்கிருமிகள் குறைந்தன, சொட்டுமருந்தின் பலன் கூடவில்லை. கிருமியை அழிப்பது மட்டும் போதவில்லை.

எந்த பாக்டீரியா எதைச் செய்கிறது என்று அறிவதும் தேவைப்பட்டது; அதைக் கணக்கிடக் கணினி மாதிரிகள் வந்தன. ஒரு பாக்டீரியாவின் மரபணுத் தொகுதியைப் படித்தால் அதனிடமுள்ள நொதிகளும், அவை நடத்தும் வேதிவினைகளும் தெரியும். உணவை எண்களாகக் கொடுத்தால், எது வளரும், எது கழிப்பதை எது உண்ணும், பியூட்டிரேட் என்ற கொழுப்பமிலம் எவ்வளவு உண்டாகும் என்று கணினி சொல்லும். எல்லைமீறும் தடுப்பாற்றலை அடக்கும் டி செல்கள் பெருகப் பியூட்டிரேட் உதவுகிறது. லக்சம்பர்க்கில் உருவான 'அகோரா' என்ற மாதிரித் தொகுப்பில் 2017இல் 773 பாக்டீரியா வகைகளும், 2023இல் வெளியான அதன் அடுத்த பதிப்பில் 7,302 வகைகளும் இருந்தன. சென்னை ஐஐடியில் கார்த்திக் ராமன் குழுவினர் நுண்ணுயிர்க் கூட்டங்களை இவ்வகை மாதிரிகளால் ஆராய்கிறார்கள்.

ஜப்பானில் கென்யா ஹோண்டா குழுவினர் 2013இல் அந்த டி செல்களைப் பெருக்கும் 17 பாக்டீரியா வகைகளைப் பொறுக்கி எடுத்தது எலிகளில் திரும்பத் திரும்பச் சோதித்துத்தான். அந்தத் தேடலைச் சுருக்குவதே கணினியின் பங்கு. சோதனைக்கு அது மாற்றல்ல. அகோராவை முதலில் ஓட்டிப் பார்த்தது மேற்கத்திய உணவையும் நார்ச்சத்து மிகுந்த உணவையும் வைத்து. ராகிக் களியும் சோறும் உண்ணும் கோலார், வேலூர் வட்டாரத்துக்குக் கணக்குப் பொருந்த வேண்டுமானால், இங்குள்ளவர்களின் உணவும் மல மாதிரிகளும் அதில் சேர வேண்டும்.